உடம்பைக் கழுவப் போய்க் கீரிமலையில் நான்கு நாள்

வாசகி ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறார்களாம். எங்கேயோ ஏழு நாள் ‘டிடாக்ஸ்’ செய்து விடுகிறார்களாம், அதையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று. ஒரு வரியில் பதில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழுப் பயணம் தேவைப்பட்டது, அதை முழுதாகச் சொன்னால்தான் நியாயம்.

ஆண்டு 1973, ஆவணி மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது. கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சாளர் வேலை. தங்கியிருந்தது வெள்ளவத்தையில், பெண்களுக்கான ஒரு போர்டிங்கில். ஒரு வருடமாகவே உடம்பு சரியில்லை. இன்ன நோய் என்று சொல்ல முடியாது. அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது, ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு தலையிடி. தட்டச்சுப் பொறியின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடலாம் போல இருக்கும். டிஸ்பென்சரியில் ஒரு டொனிக் தந்தார்கள். அது போத்தலோடு முடிந்தது, களைப்பு முடியவில்லை.

“உடம்பிலை ஊத்தை சேர்ந்திட்டுது” என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து ஒன்றுதான். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நாள் பேதி மருந்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, பின்வளவுக்கும் வீட்டுக்குமாக ஓடி, மாலையில் கஞ்சி குடித்துப் படுத்தால் “இனி ஆறு மாசத்துக்கு வருத்தம் வராது” என்பார்கள். ஆகவே அலுவலகத் தோழி ஒருத்தி கீரிமலைக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியர் ஒன்பது நாளில் உடம்பை முழுதாகக் கழுவிவிடுகிறார் என்று சொன்னபோது எனக்கு அது புதினமாகவே படவில்லை. பேதியின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கடிதம் போட்டேன், பதில் வந்தது, இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று என் அக்கா சொல்வாள். ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள், ஒரு நாளும் குறையாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

கோட்டை ரயில் நிலையத்தில் பத்துச் சதம் போட்டால் நிறையை அச்சடித்து அட்டை தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஏறி நின்றேன். 98 இறாத்தல், இன்றைய கணக்கில் நாற்பத்துநான்கு கிலோ. கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். காலை 5.45க்கு வண்டி. அரசாங்க ஊழியருக்குரிய ரயில் வாரண்ட் இருந்ததால் டிக்கட் செலவில்லை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 245 மைல், காங்கேசன்துறை இன்னும் பதினொரு மைல். ‘இறங்கும்போதே வயிறு காலியாக இருக்கட்டும்’ என்று வைத்தியர் எழுதியிருந்தார். ஆகவே வழியில் கடலை வடை, வெட்டிய அன்னாசி, பொலித்தீன் பையில் மாங்காய்த் துண்டு எல்லாவற்றையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுப்பினேன். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்தபோது தலை சுற்றியது. அதையும் நல்லதற்கென்றே எடுத்துக்கொண்டேன்.

காங்கேசன்துறையில் இறங்கியபோது பிற்பகல் 1.50. அங்கிருந்து கீரிமலை இரண்டு மைலுக்குள்தான், பஸ்ஸுக்கு இருபது சதம். இறங்கி, கடலை விட்டு உள்ளே அரை மைல் நடந்தால் வைத்தியர் வீடு. பனையோலை வேலி, உள்ளே இரண்டு மாமரம், நீளமான ஓட்டு வீடு. ஒரு பக்கம் ஆண்களுக்கு, ஒரு பக்கம் பெண்களுக்கு. ஒன்பது நாளுக்கு அறுபது ரூபா.

வைத்தியருக்கு அறுபது வயதிருக்கும். பரம்பரை வைத்தியர் அல்ல. மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்து பென்சனோடு திரும்பியவர். வெள்ளை வேட்டி, நிமிர்ந்த முதுகு, சிரித்த முகம். கெட்ட மனிதர் அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருந்தார்.

“இங்கிலீஷ் மருந்து ஏதும் இருந்தால் உதுக்குள்ளை போடுங்கோ, தங்கச்சி. போகேக்கை எடுக்கலாம். அநேகமா ஒருத்தரும் எடுக்கிறேல்லை.”

என் தலையிடிக் குளிசைகளை, அந்த மாத்திரைகளை, தகரத்துக்குள் போட்டேன்.

பெண்கள் பக்கத்தில் என்னோடு ஒருவர்தான் இருந்தார். பிலோமினா அக்கா. குருநகர்ப் பெண், ஐம்பதை நெருங்கிய வயது, சந்தையில் மீன் விற்பவர். கழுத்தில் செபமாலை, குரல் மட்டும் சந்தைக் குரல். பாயைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

“எந்த ஊர், பிள்ளை?”

“நீர்வேலி. இப்ப கொழும்பிலை வேலை.”

“வாழைப்பழ ஊரிலை பிறந்து பட்டினி கிடக்க இஞ்சை வந்தனீரோ!”

சிரித்தேன். “நீங்கள் ஏன் வந்தனீங்கள், அக்கா?”

சேலையைக் கொஞ்சம் உயர்த்தி இடது காலைக் காட்டினார். இரண்டாவது விரலில் துணி சுற்றியிருந்தது. “சலரோகம், சீனி வருத்தம். மூண்டு மாசமா உந்தப் புண் ஆறுதில்லை. விரலை எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கழுவினால் வருத்தம் வேரோடை போகுமெண்டு இவர் சொல்லுறார். காலை வெட்டத் துடங்கினால் அது எங்கை போய் நிக்கும்? நான் என்னெண்டு சந்தையிலை நிக்கிறது? மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு.”

நான் களைப்புக்கு வந்தவள். அவர் காலுக்கு வந்தவர். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் விடிய ஐந்து மணிக்கு, இஞ்சிக் கோப்பியில் கலந்த ஆமணக்கெண்ணெய். அதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, வாசிப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பதினொரு தடவை. மாலையில் ஒரு கோப்பை கஞ்சித் தண்ணீர். அதற்குப் பிறகு ஏழாம் நாள் வரை தேசிக்காய், அதாவது எலுமிச்சைத் தண்ணீரும் வல்லாரைச் சாறும் மட்டும். எட்டாம் நாள் கஞ்சி, ஒன்பதாம் நாள் சோறு. தினமும் காலை ஆறரைக்குக் கீரிமலைக் கேணியில் குளிப்பு.

அந்தக் குளிப்பைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பெண்களுக்குத் தனியாக மதில் கட்டிய கேணி. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் நன்னீர் அடியிலிருந்து ஊறிக்கொண்டிருக்கும். இறங்கும்போது குளிரில் மூச்சு நிற்கும். பிறகு வெளியே வரவே மனம் வராது. பிலோமினா அக்கா படியில் இருந்து, புண்பட்ட காலை மேலே வைத்துக்கொண்டு, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பார். “தவசு காலத்திலை நாப்பது நாள் ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டோடை இருந்தனான், உந்த ஒன்பது நாள் எனக்கு எம்மாத்திரம்!” என்று அவர் சொன்னால் கேணியில் நிற்கும் ஊர்ப் பெண்களும் சிரிப்பார்கள்.

இரண்டாம் நாள் காலையில், குளித்துவிட்டு வந்த பிறகு, அவர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு குளிசையை எடுத்து வாயில் போட்டதைக் கண்டேன். நான் பார்த்ததை அவரும் கண்டுவிட்டார்.

“வைத்தியரிட்டைச் சொல்லிப்போடாதையும், பிள்ளை. ஒரு நாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் மாதாவிலை சத்தியம் வாங்கினவர். சத்தியத்தை மீறேலாது.”

“சொல்லமாட்டன்” என்றேன். இரண்டு பக்கமும் காப்பாற்றிக்கொள்கிறார், கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன். அந்தக் குளிசை சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்குப் பண்ணியது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் எனக்குத் தலையிடி மண்டையைப் பிளந்தது. கை நடுங்கியது. வைத்தியர் வந்து நாடி பார்த்து, “நல்ல குறி. ஊத்தை இறங்குது” என்றார். மாலையில் தலையிடி நின்றது. அதற்கும் “நல்ல குறி. ஊத்தை இறங்கியிட்டுது” என்றார். அன்று மாலை மனம் இலேசாக, தெளிவாக, காற்றில் நடப்பது போல இருந்தது உண்மை. அந்த உணர்வை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பட்டினி கிடப்பவர்கள் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்பது அன்று விளங்கியது.

நான்காம் நாள். ஒன்பதரை மணி இருக்கும். நான் மாமரத்தின் கீழ் அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே பிலோமினா அக்காவின் குரல் கேட்டது. “பாரை, நல்ல பாரை! வாங்கோ, செதிலைப் பாருங்கோ!” விளையாட்டுக்குக் கூவுகிறார் என்று நினைத்து உள்ளே போனேன். பாயில் இருந்தபடி, வெறும் கையை நீட்டி, இல்லாத மீனை எனக்கு விற்றுக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, சட்டை வியர்வையில் நனைந்து, விரல்கள் படபடவென்று அடித்தன. “அக்கா, நான்தான்” என்றேன். என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை.

வைத்தியரைக் கூட்டி வந்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தார். “பயப்பிடாதேங்கோ. இவவுக்குக் கனகாலத்து நஞ்சு. இப்பதான் வெளியிலை வருது. நல்ல குறி. படுக்க விடுங்கோ.”

விட்டோம். இருபது நிமிடம் விட்டோம். அந்த இருபது நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எனக்கும் நடுங்கியதுதானே, பிறகு சரியாகிவிட்டதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கூவல் நின்றது. பேச்சுக் குழறியது. தட்டினால் கண்ணைத் திறப்பார், மூடுவார். கொடுத்த வாக்கை மீறுவதென்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

“ஐயா, இவ ஒவ்வொரு நாளும் சலரோகக் குளிசை போட்டவ. இண்டைக்கும் போட்டவ.”

அவர் முகம் மாறியது. கோபந்தான். “அதுதானே பார்த்தன்! மருந்தும் விரதமும் ஒண்டோடை ஒண்டு மல்லுக்கட்டுது. இனிக் குளிசையை நிப்பாட்டினால் தானாச் சரிவரும்.”

“ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்.”

“இடையிலை முறிச்சால் உடம்பு தாங்காது, தங்கச்சி. அவவுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்.”

“ஐயா, நடுங்கினாலும் நல்ல குறி, நடுக்கம் நிண்டாலும் நல்ல குறி எண்டுறியள். அப்ப கெட்ட குறி எண்டால் எப்பிடி இருக்கும்?”

அவர் குனிந்து மறுபடியும் பிலோமினா அக்காவின் நாடியைத் தேடினார். நான் செருப்பைப் போட்டேன்.

சந்தி அரை மைல். நான்கு நாள் வயிற்றில் ஒன்றுமில்லாமல் அந்த வெயிலில் எப்படி ஓடினேன் என்று தெரியாது. இரண்டு தடவை கண் இருண்டது, வேலியைப் பிடித்து நின்று பிறகும் ஓடினேன். சந்தியில் ஒரு பழைய ஒஸ்டின் வாடகைக் கார் நின்றது. சாரதியின் பெயர் செல்வராசா, நாற்பது வயதுக்காரர். விழுந்தடித்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்துப் பயந்தே கதவைத் திறந்தார். “யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரி, அண்ணை. முதலிலை ஒரு ஆளை ஏத்தவேணும்.”

வைத்தியரே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துப் பிலோமினா அக்காவைக் காரில் ஏற்ற உதவினார். அதையும் சொல்ல வேண்டும். செல்வராசா அண்ணை திரும்பி பிலோமினா அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைக் கேட்டார்.

“சலரோகமே?”

“ஓம்.”

“குளிசை போட்டவவோ?”

“ஓம்.”

“சாப்பிட்டவவோ?”

“நாலு நாளா இல்லை.”

“ஐயோ, விசர்ச் சனங்களே!” என்று சொல்லி வண்டியைச் சந்திக்கு விட்டு, தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தினார். ஆசுப்பத்திரி பன்னிரண்டு மைல் தள்ளி இருக்க இவர் தேத்தண்ணிக் கடையில் நிறுத்துகிறாரே என்று நான் சத்தம் போட்டேன். “கத்தாதேங்கோ, தங்கச்சி. என்ரை ஐயாவுக்கும் உந்த வருத்தந்தான். இப்ப இவவுக்குத் தேவை இனிப்பு.”

சீனி தட்டுப்பாடான காலம். கடையில் சீனி இல்லை. தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ளப் பனங்கட்டிதான் கொடுப்பார்கள். கடைக்காரர் நான்கு துண்டை நொறுக்கி, இளஞ்சூட்டுத் தேத்தண்ணியில் கரைத்துத் தந்தார். “முதல் விழுங்குறாவோ எண்டு பாருங்கோ. விழுங்காட்டில் ஊத்தக்கூடாது, புரைக்கேறும்” என்றார் செல்வராசா அண்ணை. தலையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியால் ஒரு சொட்டு. தொண்டை அசைந்தது. இன்னொன்று. அரைக் கோப்பை உள்ளே போகப் பத்து நிமிடம் ஆனது. பிறகு பிலோமினா அக்கா கண்ணைத் திறந்து, என்னை நேராகப் பார்த்து, “பிள்ளை, உமக்கேன் முகம் உப்பிடிக் கிடக்கு?” என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். கடைக்காரர் எனக்கும் ஒரு கோப்பையும், பணிசு என்று சொல்லும் ஒரு பன்னும் தந்தார். என் நான்கு நாள் விரதம் அந்த வாசலில் முடிந்தது. வைத்தியர் பயமுறுத்தியது போல எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைவிட ருசியான ஒரு பணிசை நான் பிறகு சாப்பிட்டதில்லை என்பதுதான் ஒரே விளைவு.

“இனி வீட்டை போவம்” என்றார் பிலோமினா அக்கா. செல்வராசா அண்ணை மறுத்துவிட்டார். “இல்லை. ஐயா ஒருக்காத் தெளிஞ்சு, பேந்து அண்டைக்கே விழுந்தவர்.” பனங்கட்டி ஐந்தாறு துண்டை ஒரு கடதாசியில் சுற்றி என் மடியில் போட்டார். 10.50க்குப் புறப்பட்டோம். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம். ஒவ்வொரு ஊரிலும் நான் அவரைப் பேசவைத்துக்கொண்டே வந்தேன். மகள்மாரின் பெயர், மீனின் விலை, எந்தக் கோயிலில் எப்போது திருநாள். இணுவில் தாண்டும்போது பதில் குழறியது. நெற்றியில் மறுபடியும் வியர்வை. கார் நிற்கவில்லை. நானே பனங்கட்டியைப் பொடியாக்கித் தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். கொக்குவிலில் மீண்டும் தெளிந்து “பிள்ளை” என்று என்னைக் கூப்பிட்டார். 11.35க்கு ஆசுப்பத்திரி வாசல். கார்க்கூலி பன்னிரண்டு ரூபா. தேத்தண்ணிக்குக் கொடுத்ததைச் செல்வராசா அண்ணை வாங்க மறுத்துவிட்டார்.

வார்டில் இளவயதுப் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். கையில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு எங்கள் இருவரையும் சேர்த்துப் பேசினார். குளிசை இரத்தத்தில் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும், சாப்பாடு இல்லாவிட்டால் மயங்கி விழும் அளவுக்கு இறங்கிவிடும், அவ்வளவுதான் நடந்தது என்றார். நான் விடவில்லை. “அப்ப உடம்பிலை சேருற ஊத்தை, டொக்டர்? அது எப்பிடிப் போறது?”

“ஈரல் இருக்கு, சிறுநீரகம் இருக்கு. நீர் நித்திரை கொள்ளேக்கையும் அதுகள் வேலை செய்யுது, ஒரு நாளும் லீவு எடுக்கிறேல்லை. பேதி குடிச்சால் குடல் வெறுமையாகும், அவ்வளவுதான். அது சாப்பாட்டிலை மிஞ்சினது, நஞ்சில்லை.” பிறகு சட்டென்று என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “உமக்கு என்ன செய்யுது?”

ஒரு வருடக் கதையையும் சொன்னேன். இரத்தம் எடுத்தார்கள், மலமும் சோதித்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. கொக்கிப்புழு. குடலில் கொழுவிக்கொண்டு ஒரு வருடமாக என் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இவ்வளவு கழுவியும் அது அசையவில்லை. புழு மருந்தும் மூன்று மாதத்துக்கு இரும்புக் குளிசையும் தந்தார்கள். செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்றார்கள்.

ஆசுப்பத்திரிக்கு வந்த மறுநாள் நான்கு மணிக்கு, நோயாளரைப் பார்க்கும் நேரத்தில், வைத்தியர் வந்தார். பிலோமினா அக்காவின் துணிப்பையும் என் பெட்டியும் கையில். பையைக் கட்டிலின் கீழ் வைத்தார். பிறகு வெளியே விறாந்தையில் என்னிடம் சொன்னார்.

“பதினொரு வருசமா ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, தங்கச்சி.”

“நடந்த ஆக்கள் திரும்பி வந்து உங்களுக்குச் சொல்லுவினமோ, ஐயா?”

அவர் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மலாயாவில் தனக்கு வயிற்றுப்புண் வந்து செத்துப்பிழைத்ததையும், ஒரு சீனக் கிழவர் சொல்லிப் பட்டினி கிடந்து குணமானதையும் சொன்னார். அதனால்தான் இந்த வீட்டைத் தொடங்கினாராம். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனாலும் கேட்டேன். “அந்த நேரம் குடிச்சனீங்களோ, சுருட்டுப் பத்தினனீங்களோ?”

“ரெண்டும் இருந்தது. அதே கிழமை ரெண்டையும் விட்டிட்டன்.”

சொல்லிவிட்டு அவரே என்னைப் பார்த்தார். அவர் உள்ளே போய் அந்த இளம் டொக்டரிடம், எந்தெந்தக் குளிசை போடுகிறவர்களைத் தான் வீட்டில் எடுக்கக்கூடாது என்று கேட்டு, ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போனார். வீட்டை மூடவில்லை. தொடர்ந்து நடத்தினார் என்றுதான் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் இன்றும் முழுத் திருப்தி இல்லை.

பிலோமினா அக்கா பதினேழு நாள் வார்டில் இருந்தார். விரலை எடுத்தார்கள். காலை எடுக்கவில்லை. நான் மிச்ச லீவை நீர்வேலியில் அக்கா வீட்டில் கழித்தேன், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஆறு மைல், பஸ்ஸில் அரை மணிக்குள். புழு மருந்து, கீரை, முட்டை, கதலிப்பழம், எட்டு மணிக்கே நித்திரை. கீரிமலையிலிருந்து வந்த மறுநாள் சந்தையில் தராசில் ஏறிப் பார்த்தேன். 92 இறாத்தல். அதிலிருந்து ஒன்பதாம் நாள் பார்த்தபோது 98. அந்த ஆறு இறாத்தலில் பெரும்பங்கு தண்ணீர் என்று டொக்டர் சொன்னது சரிதான். கார்த்திகை மாதம் அலுவலகத்தில் மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறினேன்.

இதெல்லாம் ஐம்பது வருடத்துக்கு முந்தின கதை, இப்போது பழச்சாறும் அழகான போத்தலும் வந்துவிட்டன என்று நீங்கள் சொல்லலாம். நானும் பார்த்தேன். பெயர் மாறியிருக்கிறது. எந்த நஞ்சு, எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று மட்டும் இன்றைக்கும் ஒருவரும் அளந்து காட்டவில்லை. அந்த நான்கு நாளில் எனக்குச் சுகமாக இருந்ததெல்லாம் எதனால் என்று பிறகு யோசித்தேன். நேரத்துக்குத் தூங்கினேன், நேரத்துக்கு எழும்பினேன், குளிர்ந்த நீரில் குளித்தேன், மாடி ஏறவில்லை, மேலதிகாரி இல்லை. அதற்கெல்லாம் பேதி தேவையில்லை. உங்களுக்கு மதுவோ புகையோ எண்ணெய்ப் பலகாரமோ கூடிப்போய்விட்டதென்றால் அதைக் குறையுங்கள், பலன் அதில்தான் இருக்கிறது. சமயத்துக்காக விரதம் இருப்பவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, அது வேறு விஷயம். ஆனால் சலரோகக்காரர், பிரஷர்க்காரர், கர்ப்பிணிகள், எந்த மருந்தையேனும் தினமும் எடுப்பவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்காமல் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூட இப்படி விடவேண்டாம். மாதக் கணக்கில் களைப்பு இருக்கிறவர்கள் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

போகிறவர்களுக்கு: கீரிமலைக்கு விடியற்காலையில் போங்கள், ஏழு மணிக்கு முன் கூட்டம் குறைவு. பெண்களின் கேணிக்கு மாற்றுடுப்பும் ஒரு வாளியும் கொண்டுபோங்கள். படிகள் வழுக்கும், காலில் புண் உள்ளவர்கள் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். குளித்த பிறகு பசிக்கும், சாப்பிடுங்கள். திரும்பும்போது பருத்தித்துறை வீதியில் நீர்வேலிப் பக்கம் இறங்கி ஒரு சீப்புக் கதலி வாங்குங்கள். காங்கேசன்துறைக்கு இப்போது மீண்டும் ரயில் ஓடுகிறது. நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிலோமினா அக்காவைக் கடைசியாக நான் கண்டது 1981 தொடக்கத்தில். பட்டினத்தில் வேலையாகப் போனபோது குருநகருக்கு நடந்தேன், பஸ் நிலையத்திலிருந்து ஒரு மைல்தான். மூத்த மகளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை மடியில். இடது காலில் விரல் போன இடத்துக்கு ஏற்றபடி தைத்த செருப்பு. இன்னமும் சந்தைக்குப் போகிறார், நாளுக்கு மூன்று நேரம் அளந்து சாப்பிடுகிறார், குளிசை தவறுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்து, எங்கேயோ பதினைந்து நாள் கழுவுகிறார்களாம், தன் புருசனுக்கு நல்லதோ என்று கேட்டாள். பிலோமினா அக்கா என்னைப் பார்த்து ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினார். பிறகு அந்தத் தெரு முழுவதற்கும் கேட்கும்படி, அதே சந்தைக் குரலில் சொன்னார்.

“உடம்பென்ன சட்டியே, பிள்ளை, கவிழ்த்துப் போட்டுக் கழுவுறதுக்கு? அவரைக் கூட்டிக்கொண்டு வாரும். நாளைக்கு விடிய நானே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”